ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளவும்

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரத்துக்கு இங்கே வழியில்லை. இந்த வீட்டில் கொஞ்சம் புகை எழுந்தாலே கூரையில் ஒட்டியிருக்கிற வட்ட டப்பா கத்தி ஊரைக் கூட்டிவிடும். வெறும் கையில் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என் மாப்பிள்ளை பொன்சேகர், அமெரிக்கக் கம்பெனியில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிற மனிதர், சற்று முன்புதான் வாழைப்பழ வேஷம் போட்டுக்கொண்டு இந்த வாசல் வழியாகத் தெருவில் இறங்கிப் போனார். முழுப் பழம். பாதி தோல் உரித்த மாதிரி, நடுவிலே முகம். மாப்பிள்ளை வந்தால் மாமனார் எழுந்து நிற்க வேண்டும், விருதுநகரிலிருந்து ஒரு சமுத்திரம் தாண்டி வந்ததற்காக அதை விட முடியுமா, நானும் எழுந்து நின்றேன், வாழைப்பழத்துக்கு. பின்னால் என் மகள் ஜெயகௌரி சூனியக்காரித் தொப்பியோடு. அவளுக்குப் பின்னால் பேத்தி தன்யா, தீயணைப்புக்காரர் வேஷம், கையில் வாளி. ஐப்பசியில் இங்கே பேய்களுக்கென்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள்; பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். சரி, இவர்கள் வாங்கப் போய்விட்டார்கள், இந்த வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு யார் கொடுப்பது? யாரும் கொடுப்பதில்லை. வாசலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் பேசின், பேசின் நிறைய மிட்டாய், முகப்பில் ஓர் அட்டை: ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளவும், நன்றி. ஆள் கிடையாது. ஆள் இருக்கிறேன், கதவுக்கு இந்தப் பக்கம், ஷூ மாட்ட உட்காருகிற பெஞ்சில், தலையில் மங்கி குல்லாவோடு, கதவோரக் கண்ணாடிப் பட்டையில் மூக்கு முட்ட. யார் வந்தாலும் திறக்காதீங்க மாமா என்று உத்தரவு. அதற்குக் காரணமும் உண்டு. போன வாரம் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் வந்து பேசினான், நல்ல பையன், அவன் சொன்னதற்கெல்லாம் மரியாதைக்கு யெஸ் யெஸ் என்று தலையாட்டினேன். கூரை முழுக்கச் சூரியத் தகடு பதிக்கச் சம்மதித்துவிட்டேனாம். மறுநாள் ஏணியோடு வந்து நின்றார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் கதவு கிடையாது, கண்ணாடிப் பட்டைதான்.

ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளவும். இதைவிடக் கேவலமாக ஒரு விருந்தாளியை வரவேற்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன், முடியாது. வெளியில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போவது எங்கள் பக்கத்தில் காக்காய்க்கு. காக்காய்க்குக்கூட ஒரு மரியாதை உண்டு, வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிடுவோம், அது வந்து கொத்துகிற வரைக்கும் நின்று பார்ப்போம், கொத்தாவிட்டால் நாம் என்ன குறை வைத்தோமோ என்று கலங்குவோம். இங்கே காக்காய்க்கு அட்டை எழுதி வைக்கிறார்கள். இந்தப் பேசினுக்குப் பின்னால் எத்தனை சட்டம் இருக்கிறது தெரியுமா? மாப்பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டில் விளக்கினார், நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம், அணைந்திருந்தால் வரக்கூடாது. ஆள் நின்று கொடுப்பது உத்தமம், பேசின் வைப்பது மத்திமம், விளக்கணைத்து உள்ளே பதுங்குவது அதமம். பேசின் வைத்தால் அட்டை வைக்க வேண்டும். பேசின் காலியானால் விளக்கை அணைக்க வேண்டும். ஒன்றா இரண்டா என்று தெருக்காரர்கள் போனில் ஒரு குழு வைத்து ஒரு வாரமாகச் சண்டை. விரல் நீளம் இருக்கிற மிட்டாய்க்கு ஒரு பார்லிமெண்ட். எதிர்ச்சாரியில் ஒருவர் கூரைக்கு மேலே தலை தெரிகிற எலும்புக்கூடு நட்டிருக்கிறார், அவர் இரண்டு கொடுக்கலாம் கட்சி. என் மாப்பிள்ளை ஒன்று கட்சி, அந்தக் கட்சிக்குத் தலைவரே அவர்தான். நான் யார் என்று இவர்களுக்கு என்ன தெரியும். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை மூன்று ஊரிலும் சொந்தத்தில் கல்யாணம் என்றால் பந்தி விசாரிப்புக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இலைக்கு இலை குனிந்து, என்ன அண்ணாச்சி கை ஓயுது, தம்பிக்கு இன்னும் ரெண்டு அப்பளம், மதினி பாயசத்தைத் தொடவே இல்லையே. சாத்தூரில் ஒரு சம்பந்தி போதும் போதும் என்று இலைமேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். நான் விடவில்லை, இன்னும் ஒரு கரண்டி என்றேன். கடைசியில் மனிதரைப் பாயோடு சுருட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், போகும்போதும் பாயசம் நல்லா இருந்துச்சு என்று பாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது. சத்தியம். அதுதான் விருந்து. நின்றுகொண்டு தின்கிற பஃபே வந்தபோதே நான் சொன்னேன், இது நல்லதுக்கில்லை, அடுத்தது போடுகிறவனே இல்லாத பந்தி வரும் என்று. வந்துவிட்டது, வாசலில், பேசினில்.

முட்டி குத்துகிறது. ஒன்றுக்கும் வருகிறது, ஆனால் எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து அவள் வந்துவிடுவாள். யார் என்று சொல்லவில்லை அல்லவா. போகும்போது ஜெயகௌரி செருப்பு மாட்டுகிற சாக்கில் என் காதருகே குனிந்து, அப்பா, ரூபி வந்தாளான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க என்றாள். வாழைப்பழத்துக்குக் கேட்காத குரலில். ரூபி எதிர்த்த மஞ்சள் வீட்டுப் பெண், தன்யா வயசுதான். போன வருஷம் இதே பேசினை அப்படியே தூக்கித் தன் பைக்குள் கவிழ்த்துக்கொண்டு ஓடியது அந்தக் குழந்தை. குழந்தை, மிட்டாய், ஆளில்லை, வேறென்ன செய்யும்? நானாக இருந்தால் பேசினையும் கொண்டுபோயிருப்பேன். ஆனால் கதவோரம் காலிங்பெல்லுக்குள் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது, அது பார்த்துவிட்டது. மாப்பிள்ளை அந்தப் படத்தைத் தெருக்காரர்கள் குழுவில் போட்டு, பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கொடுப்போம் என்று தேன் ஒழுக நான்கு வரி எழுதினார். நான் வந்த அன்றே எனக்கும் போட்டுக் காட்டினார், பாருங்க மாமா எவ்வளவு க்ளியரா இருக்கு என்று, கேமராவின் பெருமையை. அதிலிருந்து அந்தக் குழந்தைக்குத் தெருவில் பேர் மிட்டாய்த் திருடி. அதன் தாய் ஹெதர், தன்யா கை ஒடிந்த அன்று ராத்திரி உடுப்போடு கார் எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள், ஜெயகௌரிக்கு இந்தத் தேசத்தில் இருந்த ஒரே சிநேகிதி, தினமும் சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் நடப்பார்களாம். இப்போது ஜெயகௌரி குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஹெதர் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என் மகள் தனியாக நடக்கிறாள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது அந்த ஒயரை என் காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அது மறுமுனையில் எதிலும் செருகியிருக்கவில்லை. மறுநாள் அவள் நடக்கும்போதும் பார்த்தேன், அப்போதும் செருகியிருக்கவில்லை. இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. இந்த வருஷம் பேசினுக்கு அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஆரஞ்சுத் தாள் சுற்றிய மிட்டாய் ஒரு பிடி ஜெயகௌரி புதைத்து வைத்தாள். ரூபிக்குப் பிடித்ததாம். அடியில் வைத்ததை அவள் எப்படி எடுப்பாள், ஒன்று மட்டும் என்றால்? மேலாக இருப்பதைத்தானே எடுப்பாள். இதைக்கூட யோசிக்கத் தோன்றாமல் என் மகள் இங்கே என்ன ஆகிக்கொண்டிருக்கிறாள்.

வருகிறார்கள். இரண்டு சிலந்தி, ஒரு ராணி, ஒரு டப்பா மாதிரி என்னவோ. படியில் பரங்கிக்காய் முகம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, உள்ளே மெழுகுவத்தி, சுட்ட காயின் வாடை கண்ணாடி இடுக்கு வழியாக வருகிறது. நாங்களும்தான் பூசணிக்காய்க்கு முகம் எழுதுகிறோம், ஆனால் சுற்றிப்போட்டு நடுத்தெருவில் உடைத்துவிடுகிறோம், கண் பட்டது அதோடு ஒழியும். இவர்கள் அழுகும் மட்டும் வாசலிலேயே வைத்துக் கும்பிடுகிறார்கள். சிலந்தி ஒன்று எடுத்தது. ராணி ஒன்று எடுத்தாள், அட்டையைப் படித்தாள், என்னமோ தப்புச் செய்தவள் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மீசை முளைத்த ஒரு தடியன், வேஷமும் இல்லை, இரண்டு கையாலும் அள்ளினான், உடனே சுவர் பேசியது: ஒன்லி ஒன், ப்ளீஸ். மாப்பிள்ளை குரல். மனிதர் எங்கேயோ தெருக்கோடியில் வாழைப்பழமாக நின்று போனில் பார்க்கிறார், குரல் இங்கே சுவரில் காலிங்பெல்லிலிருந்து வருகிறது. தடியன் சுவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் போனான், சிலந்திகள் அலறிக்கொண்டு ஓடின. உடம்பு ஓரிடம் குரல் ஓரிடம் என்றால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேறு. நானே பார்த்திருக்கிறேன், அருப்புக்கோட்டை சாலையில், புளியமரத்தடியில் ஒன்று வந்து சுண்ணாம்பு கேட்டது; கொடுத்தேன்; வாங்கிக்கொண்டு, வீட்டில எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனது. பேய்க்கு இருந்த பழக்கவழக்கம். இந்தச் சுவருக்கு அது தெரியாது. தாம்பூலப் பை மட்டும் ஆளில்லாமல் ஒரு தடவை விட்டோம், நாங்களும் விட்டிருக்கிறோம், சொல்கிறேன். பை கொடுக்க நிறுத்திய ஆள் சாப்பிடப் போய்விட்டான். என் மைத்துனர் உறவில் ஒருவர் காரின் பின்பக்கம் திறந்து, தேங்காய்ப் பையாக அடுக்கினார் பாருங்கள், காரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டது, அப்படியே தூக்கிய மூக்கோடு சாத்தூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். மண்டப வாசலில் பெண்ணின் தகப்பனார் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்தார்? வானத்தைப் பார்த்தார். மழை வருமோ என்றார் என்னிடம். அதுதான் மரியாதை. கூட இருக்க வேண்டும், ஆனால் பார்க்கக் கூடாது. இங்கே கூட இருக்க மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வித்தியாசத்தை வாழைப்பழத்துக்கு எப்படிச் சொல்வது, சொன்னால் மாமா கதை என்பார். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் மாமா கதை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுக்கிறார்கள். கார் சொன்னேனே, அது நிஜம்.

மஞ்சள் வீட்டுக் கதவு திறக்கிறது. வெள்ளைப் போர்வை ஒன்று, தலையோடு கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஹெதர் படியிலேயே நின்றுவிட்டாள், கையைக் கட்டிக்கொண்டு. போர்வை மட்டும் தெருவைத் தாண்டுகிறது, இரண்டு கையாலும் ஒரு பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு. ஆக மற்ற வீடெல்லாம் முடித்துவிட்டு இங்கே வருகிறாள். வேஷத்தைப் பார், முகமே தெரியாத வேஷம், வருஷம் முழுக்க முகத்தைப் படம் போட்டுக் காட்டினால் குழந்தை வேறென்ன வேஷம் போடும். நம் வாசல் பரங்கிக்காய் வரை வந்தாள். நின்றாள். ஓட்டை இரண்டும் பேசினைப் பார்க்கவில்லை, காலிங்பெல்லைப் பார்க்கின்றன. பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். எனக்கு வியர்க்கிறது, குல்லாவுக்குள் நமநமவென்கிறது, ஒன்றுக்கு முட்டுகிறது. கை நீட்டினால் சுவர் பேசும். பேசினால் இவள் ஓடுவாள், ஓடினால் அந்தப் படியில் நிற்கிறவள் இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் திரும்பமாட்டாள், என் மகள் செருகாத ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு கிழவியாகிற வரைக்கும் நடப்பாள். வந்தாளான்னு மட்டும் பாருங்க என்றாள். பார்த்துவிட்டேன். அவ்வளவுதானே என் வேலை? திறக்காதீங்க மாமா. கூரையில் ஏணி. என்ன பேசுவேன் நான், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் யெஸ் ஒன்றுதான் தேறும், அதுதான் சூரியத் தகட்டைக் கொண்டுவந்தது. போர்வை மறுபடியும் திரும்பிப் போகப் பார்க்கிறது. பந்திக்கு வந்தவள் இலை முன்னால் நிற்கிறாள், உட்காரச் சொல்ல ஆளில்லை. நான் எதற்கு இருக்கிறேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியாமல் திருப்பினேன், திறந்துவிட்டது. வெளியே போனதும் முதல் காரியமாகத் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றிக் காலிங்பெல்லுக்கு மாட்டிவிட்டேன், கழுத்து வரைக்கும் இழுத்து. குருட்டு மணி. பார், பெண்ணின் தகப்பனார் வானத்தைப் பார்த்தார், நான் வானத்துக்கே குல்லா போட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். பேசினை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, வா தாயி, எடுத்துக்கோ என்றேன்.

எடுக்கவில்லை. போர்வை தலையை ஆட்டியது. நான் அடியில் கைவிட்டு ஆரஞ்சுத் தாளைத் தேடி எடுத்துக் காட்டினேன். அதற்கும் தலையாட்டல். அப்புறம் அவள் போர்வையைத் தூக்கி முகத்தைக் காட்டினாள், மூக்கெல்லாம் சிவந்த முகம், படபடவென்று என்னவோ சொன்னாள், எனக்குக் கேமரா என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது, மற்றதை விரல் சொன்னது. விரல் குல்லாவைக் காட்டியது. பிறகு தன் பையைக் காட்டியது. பிறகு பேசினை. பையைத் திறந்து காட்டினாள், ஊர் முழுக்கச் சுற்றி வாங்கிய மிட்டாய், விளிம்பு வரைக்கும். போன வருஷத்துப் பேசினைத் திருப்பிக் கொட்ட வந்திருக்கிறாள். கொட்டுவதை அது பார்க்க வேண்டுமாம். எடுத்ததைப் பார்த்தது அல்லவா, கொடுப்பதையும் பார்க்கட்டும் என்கிறாள், அவ்வளவு பெரிய பேச்சை அந்தச் சின்ன விரல் பேசுகிறது. நான் பார்த்தேன் தாயி, நான் சொல்கிறேன் அவர்களிடம், என்று தமிழில் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், காட்டும்போதே கையை இறக்கிவிட்டேன். நான் சொல்வேன். பேசின் தானாக நிரம்பிவிட்டது, திருடி வந்து கொட்டிவிட்டுப் போனாள் என்று சொல்வேன். வாழைப்பழம் சிரிக்கும். நல்ல கதை மாமா என்னும். பாயோடு போன சம்பந்தி, மூக்கைத் தூக்கிய கார், சுண்ணாம்பு கேட்ட பேய், அதோடு சேர்ந்து இதுவும். இந்தக் குழந்தைக்குச் சாட்சி தேவை, இந்த வாசலில் இருக்கிற இரண்டு சாட்சியில் என் சாட்சி செல்லாது. சுவரில் இருக்கிற அந்தப் பாழாய்ப்போன குமிழின் வார்த்தைதான் செல்லும். இதைவிட அவமானம் எனக்கு ஒரு பந்தியிலும் நேர்ந்ததில்லை. குல்லாவைக் கழற்றினேன். ரூபி முகத்தை அதற்கு நேராக வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு பையைக் கவிழ்த்தாள். மிட்டாய் மழை. பேசின் வழிந்து நாற்காலியில், படியில், பரங்கிக்காய் வாய்க்குள். வழிவதை அமுக்குகிறதற்காகக் கையைப் பேசினுக்குள் விட்டாள், விட்ட கை விட்டபடி இருக்க, சுவர் பேசிற்று. ஒன்லி ஒன், ப்ளீஸ். பேசினில் ஒரு கை, அவ்வளவுதான் பார்த்திருக்கிறார், போனைச் சரியாகக்கூடப் பார்க்காமல் பழக்கத்தில் சொல்லிவிட்டார். குழந்தையின் முகம் விழுந்தது பாருங்கள். நான் மாப்பிள்ளையை நீ என்று சொன்னதில்லை. அவர் எதிரில் கால்மேல் கால் போட்டதில்லை. வாழைப்பழத்துக்கு எழுந்து நின்றவன். குமிழுக்குள் வாயை வைத்துச் சொன்னேன்:

"வாயை மூடுங்க மாப்பிள்ளை. புள்ள எடுக்க வரல, குடுக்க வந்திருக்கு. கண்ணைத் தொறந்து பாருங்க."

மூடுங்க என்றுதான் சொன்னேன், அந்த மரியாதையை விடவில்லை, கவனியுங்கள். சுவர் அடங்கிவிட்டது. நான் ஆரஞ்சுத் தாளை மறுபடி நீட்டினேன், ரூபி அட்டையைப் பார்த்தாள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள், காலிப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள். நான் முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் தெருமுனையிலிருந்து சூனியக்காரித் தொப்பி ஒன்று, நடையும் இல்லை ஓட்டமும் இல்லை, நேராக வருகிறது, கையில் மாப்பிள்ளையின் போன். நம் வாசலுக்கு வரவில்லை, மஞ்சள் வீட்டுப் படிக்குப் போயிற்று. இருவரும் போனுக்கு மேலே தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று கண்ணாடிப் பட்டைக்குக் கேட்கவில்லை, நானும் வானத்தைப் பார்த்தேன், மழை வரும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தபோது ஜெயகௌரியின் தொப்பி ஹெதரின் தலையில் இருந்தது. பிறகு வாழைப்பழம் வந்தது, தன்யா கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே எலும்புக்கூட்டுக்காரர். பழம் என் முகத்தைப் பார்க்கவில்லை. படியில் சிதறிய மிட்டாயைப் பொறுக்கிப் பேசினில் போட்டது, குனிய முடியாமல் குனிந்து, ஒவ்வொன்றாக. தன்யாதான் என்னிடம் சொன்னாள், கண்ணெல்லாம் சிரிப்பு: போனில் தாத்தா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டதாம், எலும்புக்கூட்டு அங்கிள் அப்பாவிடம் என்ன சொல்கிறார் உங்கள் மாமனார் என்று கேட்டாராம், அப்பா அது எங்கள் மொழியில் பேய்நாள் வாழ்த்து என்று சொல்லிவிட்டாராம். நான் நிமிர்ந்து பார்க்கிறேன், எலும்புக்கூட்டுக்காரர் எங்கள் வாசல் விளக்கின் கீழே கையைக் கூப்பி, பல்லெல்லாம் தெரிய, என் மாப்பிள்ளையிடம் அழகாகச் சொல்கிறார்: வாயை மூடுங்க. மாப்பிள்ளையும் கும்பிட்டு, வாயை மூடுங்க என்கிறார். இந்தத் தெரு பெரிய தெரு, நாளைக்குக் குழுவில் போட்டால் அடுத்த வருஷம் எல்லா வாசலிலும் அட்டையே எழுதி வைப்பார்கள். வைக்கட்டும், நல்ல வாழ்த்துதான். உங்களுக்குத் தமிழ் தெரியும், அதனால் உங்களிடம் மறைத்துப் பயனில்லை. ஆனால் இங்கே யாராவது அதற்கு அர்த்தம் கேட்டால் காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லுங்கள், விருதுநகர்ப் பக்கத்துக் கிழவன் ஒருவன் சொன்னான் என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். மாப்பிள்ளை இருக்கிற வீடு.